ஐஸ் நம் தலைக்கு மேல் 5 கிலோமீட்டரில் இருக்கிறது: கல்லூரி நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நிர்வாகக் குழுவினருக்கு,

சென்ற மாதம் துறைப் பலகையில் ஒட்டிய சுற்றறிக்கையைப் படித்தேன். கீழ்த்தளத்தில் இருக்கும் குளிர் விண்ட் டனல் அறையை, அதாவது குளிர்காற்றை வேகமாக ஓட்டி விமான இறக்கையில் ஐஸ் பிடிப்பதைப் படிக்கும் அறையை, மூடுகிறீர்கள். கருவிகளைப் பழைய இரும்பாக ஏலம் விடுகிறீர்கள். அந்த அறை வேலைவாய்ப்புப் பயிற்சிக்கான கணினிக் கூடமாகப் போகிறது. இதற்கு நீங்கள் சொல்லியிருக்கும் காரணம் ஒரே ஒரு வரி: "இப்பகுதியின் தட்பவெப்பத்துக்குத் தொடர்பில்லாத ஆய்வு."

இரண்டு கடிதம் கொடுத்தேன். அலுவலக வாசலில் இரண்டு நாள் காத்திருந்தேன். பதில் வரவில்லை. அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். கல்லூரியின் பெயரை எழுதவில்லை. 22 ஆண்டுகளாக எனக்குச் சோறு போட்ட இடம். அதன் பெயரைக் கெடுப்பது என் நோக்கம் இல்லை. உங்கள் முடிவு தவறு என்று சொல்வதுதான் நோக்கம்.

துறைக் கூட்டத்தில் உங்களில் ஒருவர் கேட்டார்: "மதுரையில ஏதுங்க ஐஸு? நாம என்ன காஷ்மீர்லயா காலேஜ் நடத்துறோம்?" கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த என்னால் அன்றைக்குப் பதில் சொல்ல முடியவில்லை. லேப் இன்ஸ்ட்ரக்டர் கூட்டத்தில் பேசுவது நம் கல்லூரியில் வழக்கம் இல்லை. அந்தப் பதிலை இப்போது சொல்கிறேன்.

ஐஸ் இருக்கிறது ஐயா. நம் தலைக்கு நேர் மேலே இருக்கிறது. தென்னிந்தியாவில் தரையில் எவ்வளவு வெயில் அடித்தாலும், ஏறத்தாழ 5 கிலோமீட்டர் உயரத்தில் வெப்பநிலை பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். பெரியார் பேருந்து நிலையத்திலிருந்து மாட்டுத்தாவணிக்குப் போகிற தூரம்கூட இல்லை. சித்திரை மாதத்து மத்தியானத்திலும் இதுதான் நிலை. கோடை மழையில் நம் ஊரில் ஆலங்கட்டி விழுகிறதே, அது எங்கிருந்து வருகிறது? சங்கப் பாடல்களிலேயே அதற்கு ஆலி என்று பெயர் இருக்கிறது. இந்த மண்ணுக்குத் தொடர்பில்லாத பொருளுக்கு நம் முன்னோர் பெயர் வைத்திருக்க மாட்டார்கள்.

2022 நவம்பரில் ஒரு பயிற்சிக்காகச் சென்னை போய்விட்டு ஏடிஆர் விமானத்தில் திரும்பினேன். இரண்டு பக்கமும் புரொப்பெல்லர் சுற்றுகிற சிறிய விமானம். ஜெட் விமானங்கள் 35,000 அடிக்கு ஏறிப் பெரும்பாலான மேகங்களுக்கு மேலே பறந்துவிடும். ஏடிஆர் 25,000 அடிக்கு மேல் போகாது. இதுபோன்ற குறுகிய பயணத்தில் அதைவிடத் தாழ்வாகத்தான் பறக்கும். அதாவது, எந்த உயரத்தில் மேகத்துளி உறையத் தொடங்குகிறதோ அதற்கு மிகப் பக்கத்தில். எனக்குக் கிடைத்தது புரொப்பெல்லருக்கு நேர் பக்கத்து இருக்கை. திருச்சி தாண்டி மேகத்துக்குள் நுழைந்தோம். கொஞ்ச நேரத்தில் வெளிச்சுவரில் டொம், டொம் என்று சத்தம். பக்கத்தில் இருந்த வயதான அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன தம்பி, யாரோ கல்ல விட்டு எறியிற மாதிரி கேக்குது?"

"ஐஸும்மா. அந்தக் காத்தாடியில பிடிச்ச ஐஸ் பேர்ந்து வந்து அடிக்குது. ஒண்ணும் ஆகாது."

"ஐஸா? நம்ம ஊருக்கு மேலயா?"

அவர் கேட்டதும் கூட்டத்தில் கேட்டதும் ஒரே கேள்விதான். ஆனால் அந்த அம்மா பதிலுக்காகக் காத்திருந்தார். நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே வந்தார். புரொப்பெல்லர் பிளேடுக்குள் மின்சாரச் சூடு கொடுத்து ஐஸைப் பெயர்ப்பார்கள். பெயர்ந்து வரும் கட்டி விமானத்தின் உடம்பில் அடிக்கும் என்பதால் அந்த இடத்தில் சுவருக்குக் கூடுதல் கவசம் உண்டு. இறக்கையின் முன்விளிம்பில் பூட்ஸ் என்கிற கறுப்பு ரப்பர் உறை இருக்கும். அது காற்றால் உப்பி ஐஸை உடைக்கும். சிறிது நேரத்தில் மதுரை விமான நிலையம் இருக்கும் பெருங்குடியில் இறங்கினோம். கதவைத் திறந்ததும் புழுக்கம் முகத்தில் அறைந்தது.

சரி, ஐஸ் பிடித்தால் என்ன என்று கேட்கலாம். பாரம் கூடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பாரம் சின்ன விஷயம். வடிவம்தான் ஆபத்து. உப்புத்தாள் அளவுக்குச் சொரசொரப்பான ஒரு மெல்லிய படலம் இறக்கையில் படிந்தாலே தூக்குவிசை 30 சதவீதம் வரை குறையலாம், இழுவை 40 சதவீதம் வரை கூடலாம். அந்த உப்புத்தாள் கணக்கை நாங்கள் முதல் வகுப்பிலேயே செய்துகாட்டுகிறோம். மர இறக்கையின் முன்விளிம்பில் கடையில் வாங்கிய உப்புத்தாளை ஒட்டி விண்ட் டனலில் வைத்தால் தராசு முள்ளே சொல்லிவிடும். ஒரு மாணவர்கூட அதை மறந்ததில்லை.

அதைவிட ஆழமான விஷயம் தண்ணீரின் குணம். என் அப்பா செல்லூர்ப் பக்கம் ஒரு ஐஸ் கம்பெனியில் 30 வருடம் வேலை பார்த்தவர். சின்ன வயதில் சாப்பாட்டுத் தூக்கு கொண்டுபோய்க் கொடுப்பேன். உப்புத்தண்ணீர்த் தொட்டியில் தகர கேன்களை இறக்கி, கேனுக்குள் குழாய் வழியே காற்று விட்டுக்கொண்டே இருப்பார்கள். காற்று ஓடினால் ஐஸ் பார் கண்ணாடி மாதிரி வரும். குழாய் அடைத்துப்போன கேனில் பார் பால் வெள்ளையாக வரும். "வெள்ளையா இருக்கிறது ஐஸ் இல்லடா, உள்ள மாட்டிக்கிட்ட காத்து" என்பார் அப்பா. மேகத்துக்குள் பறக்கும் இறக்கையில் நடப்பதும் அதேதான் என்று பல வருடம் கழித்து இந்த லேபில்தான் தெரிந்துகொண்டேன்.

மேகத்துளிகள் பூஜ்யத்துக்குக் கீழே போனவுடன் உறைவதில்லை. ஒட்டிக்கொள்ள ஒரு தூசி கிடைக்காவிட்டால் மைனஸ் 10, மைனஸ் 20 டிகிரியிலும் தண்ணீராகவே மிதக்கும். மைனஸ் 40க்கு அருகில்தான் அதற்கு மேல் தாக்குப்பிடிக்காது. மீக்குளிர் நீர் என்று பாடத்தில் சொல்கிறோம். அப்பாவின் தொட்டியில் உப்பு இருந்ததால் தண்ணீர் உறையவில்லை. மேகத்தில் உப்பின் உதவி தேவையில்லை. ஆர்.ஓ. தண்ணீர் பாட்டிலை ஆடாமல் அசையாமல் ஃப்ரீசரில் வைத்து, பதமான நேரத்தில் எடுத்து மேசையில் ஒரு தட்டு தட்டினால் கண் முன்னால் கழுத்திலிருந்து அடிவரை வெள்ளையாக உறைந்து இறங்கும். இதைப் பார்த்த முதலாண்டுப் பிள்ளைகளின் முகத்தை நீங்கள் ஒருமுறை பார்த்திருக்க வேண்டும்.

இந்தத் துளி வேகமாக வரும் இறக்கையில் மோதுகிறது. மோதிய கணத்தில் உறைகிறதா, பரவிய பிறகு உறைகிறதா, தெறித்துப் போகிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு கிராம் தண்ணீர் உறையும்போது 80 கலோரி வெப்பத்தை வெளிவிடும். மைனஸ் 15 டிகிரியில் இருக்கும் துளியிடம் அந்த வெப்பத்தை வாங்கிக்கொள்ள இடம் 15 கலோரிக்குத்தான். ஆகவே மோதிய உடனே ஐந்தில் ஒரு பங்குகூட உறையாது. மிச்சம் தண்ணீராகவே இருக்கும். துளி சிறியதாக, குளிர் கடுமையாக இருந்தால் மிச்சத்தின் வெப்பத்தைக் காற்று உடனே வாங்கிக்கொள்ளும். விழுந்த இடத்திலேயே காற்றைச் சிறைப்பிடித்து வெள்ளை ஐஸாகும். துளி பெரியதாக, குளிர் மிதமாக இருந்தால் தண்ணீர் இறக்கை மேல் பின்னோக்கி ஓடி, போகும் வழியில் கண்ணாடி ஐஸாகும். முன்விளிம்பில் இரண்டு கொம்பு முளைத்த மாதிரி வளரும். இரண்டு கோடைக்கு முன்பு நம் வளாகத்தில் ஆலங்கட்டி விழுந்தபோது மாணவர்கள் டம்ளரை எடுத்துக்கொண்டு மைதானத்துக்கு ஓடினார்கள். சூடு காட்டிய கத்தியால் ஒரு கட்டியைப் பிளந்தோம். வெங்காயம் மாதிரி ஒரு சுற்று வெள்ளை, ஒரு சுற்றுக் கண்ணாடி. மேகத்துக்குள் அது கடந்த பாதை முழுக்க அந்த வளையங்களில் எழுதியிருந்தது. அந்தப் படம் இன்னும் அறைச் சுவரில் இருக்கிறது. ஏலத்துக்கு ஆள் வரும்போது அதையும் கிழித்துவிடுவார்கள் என்று நினைத்தால் எனக்கு மனசு ஆறவில்லை.

பின்னோக்கி ஓடும் அந்தத் தண்ணீர் உயிர் வாங்கியிருக்கிறது. 1994 அக்டோபர் 31 அன்று அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ரோஸ்லான் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு ஏடிஆர் 72 விழுந்தது. 68 பேரும் இறந்தார்கள். பெரிய மீக்குளிர் துளிகளுக்குள் அது வட்டமடித்துக் காத்திருந்தது. ரப்பர் பூட்ஸ் முன்விளிம்பைச் சுத்தம் செய்துகொண்டுதான் இருந்தது. தண்ணீர் அதைத் தாண்டி ஓடி, பூட்ஸ் எட்டாத இடத்தில் ஒரு வரப்பு மாதிரி உறைந்துவிட்டது. அந்த வரப்பு காற்றோட்டத்தைக் குலைத்தது, விமானம் கட்டுப்பாட்டை மீறிப் புரண்டது. அதன் பிறகு பூட்ஸை அகலமாக்கினார்கள். இத்தகைய பெரிய துளிகளுக்கென்று அமெரிக்காவில் தனி விதி வந்ததோ 2014இல்தான். துளி எப்படிப் பரவும், எப்படித் தெறிக்கும், எவ்வளவு மிஞ்சும் என்பதைக் கணக்கில் கொண்டுவர 20 ஆண்டு பிடித்திருக்கிறது. அந்த விமானத்தின் வகையைச் சேர்ந்ததில்தான் நீங்களும் நானும் சென்னைக்குப் போய்வருகிறோம். இப்போது வருபவை அந்தப் பாடத்தைக் கற்று மாற்றப்பட்டவை. பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. அந்தப் பாடத்தை யாரோ ஒருவர் துளித்துளியாகப் படித்ததால்தான் அன்றைக்கு அந்த அம்மாவிடம் "ஒண்ணும் ஆகாது" என்று என்னால் சொல்ல முடிந்தது.

குளிர்நாட்டுப் பிரச்சினை என்கிறீர்கள். அப்படியானால் ரியோவிலிருந்து பாரிஸுக்குப் போன ஏர் பிரான்ஸ் 447 விமானம் 2009 ஜூன் 1 அன்று எங்கே விழுந்தது? பூமத்திய ரேகைக்குச் சற்று வடக்கே, வெப்பமண்டல அட்லாண்டிக்கில். 35,000 அடியில் பெரிய இடிமேகக் கூட்டத்தைக் கடக்கும்போது வேகத்தை அளக்கும் பிட்டோ குழாய்களை ஐஸ் துகள்கள் அடைத்தன. வேகக் காட்டிகள் பொய் சொல்லின, தானியங்கி கைவிட்டது, அடுத்த சில நிமிடங்களில் 228 பேர் போய்ச் சேர்ந்தார்கள்.

எஞ்சினுக்குள் இன்னும் விசித்திரம். இந்த ஐஸ் துகள்கள் குளிர்ந்த இறக்கையில் ஒட்டாமல் தெறித்துப் போய்விடும். ஃபேன் பிளேடுகளைத் தாண்டி உள்ளே, காற்றை அழுத்தும் கம்ப்ரஸரின் வெதுவெதுப்பான பகுதிக்குப் போனதும் பாதி உருகி ஈரமாகும். ஈரத்தில் அடுத்த துகள் ஒட்டும். ஒட்ட ஒட்ட அந்த இடமே பூஜ்யத்துக்குக் குளிர்ந்து, சூடான எஞ்சினுக்குள் ஐஸ் வளரும். இது அதிகம் நடப்பது நம்மைப் போன்ற வெப்பமண்டல நாடுகளின் பெரிய இடிமேகங்களை ஒட்டித்தான். அதனால் ஐரோப்பிய, அமெரிக்க ஆய்வாளர்கள் இதைப் படிக்கத் துருவத்துக்குப் போகவில்லை. 2014இல் ஆஸ்திரேலியாவின் டார்வினுக்கும், 2015இல் தென் அமெரிக்காவின் கயேனுக்கும் விமானங்களோடு போனார்கள். இரண்டும் வெயில் கொளுத்துகிற ஊர்கள். ஐஸைத் தேடி அவர்கள் வெயிலுக்குப் போகிறார்கள். வெயிலில் இருக்கும் நாம் லேபைப் பூட்டுகிறோம்.

எங்கள் அறையில் நடந்த ஒரு வேலையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இப்போது இறுதியாண்டில் இருக்கும் நால்வர், அதில் ஒரு பெண் உசிலம்பட்டிப் பக்கம், போன வருடம் ஒரு கேள்வியோடு வந்தார்கள். சேப்பங்கிழங்கு இலையில் தண்ணீர் ஒட்டாமல் உருள்கிறதே, இறக்கைக்கும் அதே மாதிரி ஒரு பூச்சு அடித்தால் ஐஸ் பிடிக்காதா, சார்? அந்தப் பெண்ணே வீட்டுக் கொல்லையிலிருந்து ஈரத்துணியில் சுற்றி இலை கொண்டுவந்தார். ஊசியிலிருந்து 2 மில்லிமீட்டர் துளியை விட்டுக் கைபேசியில் நொடிக்கு 960 படம் எடுத்தோம். துளி தோசை மாதிரி விரிந்து, சுருங்கி, எழும்பிக் குதித்தது. இலையைத் தொட்டிருந்த நேரம் நொடியில் நூறில் ஒரு பங்கு. உயரத்தைக் கூட்டி வேகமாக விட்டாலும் அந்த நேரம் மாறவில்லை. உறைவதற்குள் குதித்துவிட்டால் ஐஸ் எப்படிப் பிடிக்கும்? நால்வருக்கும் தலைகால் புரியவில்லை.

அப்புறம் மைனஸ் 15 டிகிரித் தட்டில் இலையை ஒட்டி மறுபடி செய்தார்கள். குதிக்கவில்லை. விழுந்த இடத்தில் ஒட்டிக்கொண்டு உறைந்தது. உறைந்து முடிக்கும்போது உச்சியில் சிறு கூம்பு எழும்பி நின்றது. ஏன்? இரண்டு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். கடைசியில் காரணம் நம் மதுரைக் காற்றுதான். துளி விழுவதற்கு முன்பே காற்றில் இருந்த ஈரம் இலையின் நுண்ணிய மேடுபள்ளங்களில் மெல்லிய உறைபனியாகப் படிந்துவிட்டது. வழுக்க வேண்டிய முட்களே இப்போது பிடிகொம்பு. சிலிக்கா ஜெல் வழியாகக் காற்றை உலர்த்தி உள்ளே விட்டபோது துளி மறுபடி குதித்தது. ஈரக்காற்று உள்ள ஊரில் இந்தப் பூச்சை நம்பக்கூடாது என்பதை நான்கு பிள்ளைகள் தாங்களே கண்டுபிடித்தார்கள். உலகத்தில் பெரிய லேப்களும் இதையே சொல்லியிருக்கின்றன என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டார்கள். யாரும் சொல்லாமல் தாங்களாகவே அந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்த பிள்ளைகளிடம், உங்கள் வேலை இந்த ஊருக்குத் தொடர்பில்லாதது என்று ஒரு தாளை ஒட்டிச் சொல்லியிருக்கிறீர்கள்.

ஐஸை விட்டுவிட்டு வெறும் மழைத்துளியை எடுத்துக்கொண்டாலும் வேலை இருக்கிறது. ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டித் தேனிப் பக்கம் போனால் காற்றாலைகளைப் பார்க்கலாம். பெரிய காற்றாலையின் இறக்கை நுனி நொடிக்கு 80 மீட்டர் வேகத்தில் சுற்றும். அந்த வேகத்தில் ஒரு மழைத்துளி மோதும் கணத்தில் எழும் அழுத்தம் சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல ஆயிரம் மடங்குக்கு மேல். வருடக்கணக்கில் அடி வாங்கி முன்விளிம்பு குழிகுழியாக அரித்துப்போகும். எங்களிடம் படித்த ஒருவர் இன்று கயிற்றில் தொங்கி அந்த விளிம்புகளைப் பழுதுபார்க்கும் குழுவில் இருக்கிறார். துளி மோதுவதை முதன்முதலில் இந்த அறையில்தான் பார்த்தார். நீங்கள் கேட்கிற வேலைவாய்ப்பு இதுவும்தானே?

பணம் வீணாகிறது என்ற பேச்சும் காதில் விழுந்தது. குளிர்ப்பெட்டி, ஒரு ஐஸ்கிரீம் கடை மூடியபோது பழைய விலைக்கு வாங்கியது. ஊதுகுழல் மோட்டாரை நானே ரீவைண்டிங் செய்யக் கொடுத்து வாங்கிவந்தேன். கண்ணாடிப் பகுதியை மாணவர்கள் பசை போட்டு ஒட்டினார்கள். காயலாங்கடையில் கிலோ கணக்கில் போட்டால் கல்லூரிக்குச் சில ஆயிரம் ரூபாய் தேறும். மறுபடி கட்ட நினைத்தால் பல வருடம் ஆகும். அதைக் கட்டத் தெரிந்த கை என்னுடையது, எனக்கு ஓய்வுக்கு நான்கு ஆண்டுதான் இருக்கிறது.

கணினிக் கூடம் வேண்டாம் என்று சொல்லவில்லை. பிள்ளைகளுக்கு அதுவும் வேண்டும். நான் கேட்பது இவைதான்.

ஏலத்தை உடனே நிறுத்துங்கள். அந்த அறைதான் வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளுங்கள். ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் காலியாகக் கிடக்கும் ஷெட்டை எங்களுக்குக் கொடுங்கள். அளந்து பார்த்துவிட்டேன், டனல் நீளவாட்டில் நிற்கும். மூன்று ஃபேஸ் மின்சாரம் ஏற்கெனவே அங்கே இருக்கிறது. மாற்றுவதற்குக் கூலி வேண்டாம், நானும் மாணவர்களும் தூக்கிவைத்துக்கொள்கிறோம்.

அந்த நான்கு மாணவர்களும் தங்கள் இறுதியாண்டு வேலையை அதே தலைப்பில் முடிக்க எழுத்தில் அனுமதி கொடுங்கள். தலைப்பை மாற்றச் சொல்லி அவர்களிடம் வாங்கிய கையெழுத்தைத் திருப்பிக் கொடுங்கள்.

சுற்றறிக்கையில் இருக்கும் அந்த ஒரு வரியை நீக்கி, நீக்கியதைப் பலகையில் ஒட்டுங்கள். அறையை மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் அந்த வரி அங்கே நிற்கக் கூடாது.

கடைசியாக, ஏலத்துக்குக் குறித்திருக்கும் தேதிக்கு முன்னால் ஒரு நாள் காலை பத்து மணிக்கு நீங்கள் எல்லோரும் அந்த அறைக்கு வாருங்கள். அரை மணி நேரம் போதும். பாட்டிலை அன்று காலையிலேயே ஃப்ரீசரில் வைத்திருப்பேன். மேசையில் தட்டுவது உங்கள் கையாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
22 ஆண்டுகளாக அந்த அறையின் சாவியை வைத்திருக்கும் ஆய்வகப் பயிற்றுநர்,
மதுரை